றிப்பீற்றருக்கு எந்தக் கேபிள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி நெருங்கினாலே எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் மின்சாரமில்லாமல் படுத்துவிட்டால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கு ஒரு செய்தியை எப்படிக் கொண்டுவருவது, தூரத்துப் பேச்சை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் அமெச்சூர் வானொலி றிப்பீற்றர் ஒன்று இருந்தால் உதவுமே என்பதுதான் அந்தப் பேச்சு. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 சுனாமியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் பார்த்த மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இப்படிப் பேசாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் பேச்சு மதிப்பீட்டுத் தாளாக மாறும்போது ஒரு குறை தவறாமல் வந்து சேர்கிறது. றிப்பீற்றர் கருவி, டியூப்ளெக்சர், பற்றரி, சூரியத் தகடு, அன்ரனா எல்லாவற்றுக்கும் மொடல் இலக்கத்தோடு விவரம் இருக்கும். கடைசிக்கு முந்திய வரியில் ‘கோஅக்சியல் கேபிள் 50 மீற்றர்’ என்று மட்டும் இருக்கும். கருவியையும் அன்ரனாவையும் இணைப்பது அதுதான், ஆனால் என்ன கேபிள் என்று இராது. பல றிப்பீற்றர்கள் கெட்டுப்போவது அந்த வரியில்தான். இதை விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டிலோ வாகனத்திலோ உள்ள ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பேசினால் கேட்காது, கேட்டால் பேசாது. றிப்பீற்றர் அப்படியல்ல. ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே கணத்தில் இன்னொரு அலைவரிசையில் ஒலிபரப்பும். 2 மீற்றர் பட்டையில் (145 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) அந்த இரண்டுக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹேர்ட்ஸ். ஒரே அன்ரனா, ஒரே கேபிள். அதன் வழியே 50 வாட் வெளியே போகும் அதே நேரத்தில், தொலைவில் உள்ள ஒரு கைக்கருவியின் 0.2 மைக்ரோவோல்ட் உள்ளே வந்தாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 168 டெசிபெல். சாதாரணக் கணக்கில் சொன்னால் போகும் சக்தி வரும் சக்தியைப் போல அறுநூறு கோடி கோடி மடங்கு.

இந்த இரண்டையும் பிரித்து வைப்பது டியூப்ளெக்சரின் வேலை. நன்றாக ரியூன் செய்த ஆறு குழாய் டியூப்ளெக்சர் ஒலிபரப்பியின் அலை, கேட்கும் பகுதியான வாங்கியைச் செவிடாக்காமல் தடுக்கும். ஒலிபரப்பியிலிருந்து பக்கவாட்டில் சிந்தும் இரைச்சல் வாங்கியின் அலைவரிசைக்குள் நுழையாமலும் தடுக்கும். நல்ல டியூப்ளெக்சர் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் டியூப்ளெக்சரைத் தாண்டிய பிறகு, அதாவது கேபிளிலோ கனெக்டரிலோ அன்ரனாவிலோ பிறக்கும் இரைச்சலை அந்த டியூப்ளெக்சரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரைச்சல் வாங்கியின் அலைவரிசையிலேயே பிறக்கிறது. எந்த வடிகட்டியும் அதை நல்ல சிக்னல் என்றே எண்ணி உள்ளே விடும். எனவே டியூப்ளெக்சருக்கும் அன்ரனாவுக்கும் நடுவில் இரைச்சலைப் பிறப்பிக்காத பொருள்களை மட்டுமே வைக்க வேண்டும். மீதி எல்லாம் இந்த ஒரு நிபந்தனைக்குப் பிறகுதான்.

கடைகளில் இன்று அதிகம் விலைப்படுவது எல்.எம்.ஆர்-400 வகைக் கேபிள். அதைப் போலவே செய்த வேறு பெயர்களும் உண்டு. 10 மில்லிமீற்றர் தடிப்பு, இழப்புக் குறைவு, வளைக்க இலகு. அமைப்பைப் பாருங்கள்: நுரை பொலித்தீனின் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் ஈயப்பூச்சுச் செம்புப் பின்னல். தாளும் பின்னலும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கப்பட்டவை அல்ல, சும்மா தொட்டுக்கொண்டிருப்பவை. 50 மீற்றர் நீளத்தில் அப்படியான தொடுகைகள் எண்ணிலடங்கா. அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் இருக்கும். அதன் மேல் வேறொரு உலோகம் அழுத்தியும் விலகியும் உரசும்போது அந்த இடங்கள் ஒழுங்கான கடத்தியாக இல்லாமல் சின்னச் சின்ன டயோட்டுகளைப் போல நடந்துகொள்கின்றன. 50 வாட் ஓடும்போது அங்கே கண்ணுக்குத் தெரியாத பொறிகள் எழுகின்றன. விளைவு, அகன்ற பட்டையில் ஒரு ‘சர்ர்’ இரைச்சல். அதில் மிகச் சிறிய பங்கு வாங்கியின் அலைவரிசையில் விழுந்தாலே போதும், 0.2 மைக்ரோவோல்ட் காணாமல் போய்விடும்.

இதில் சிக்கல் என்னவென்றால் முதல் நாள் எல்லாம் சரியாகவே இருக்கும். புதுக் கேபிளில் தாளும் பின்னலும் சுத்தமாக, இறுக்கமாக இருக்கும். பரிசோதனையில் தேறும், திறப்பு விழாவும் நடக்கும். பிறகு கச்சான் காற்றில் கேபிள் மாதக்கணக்கில் ஆடும். வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக் காற்று எந்தச் சிறு வெடிப்பையும் தேடி நுழையும். குறை மெல்ல மெல்லத் தலைகாட்டும்: ஒலிபரப்பி ஓடும்போது மட்டும் தூரத்துக் கைக்கருவிகள் கரகரக்கும், காற்றடித்தால் கரகரப்புக் கூடும், மழை பெய்து ஓய்ந்தால் வேறு மாதிரி இருக்கும். அப்போது பழி டியூப்ளெக்சர் மேல் விழும். யாராவது அதன் திருகுகளைத் திருகி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள்.

அந்தக் கேபிளைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசுவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும் இடத்தில் அது நல்ல கேபிள்தான், ஒலிபரப்பும்போது எழும் இரைச்சலைக் கேட்க அந்த நேரத்தில் அங்கே வாங்கி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. அவ்வளவுதான்.

பலரும் கேபிளைத் தெரிவது இழப்பு அட்டவணையைப் பார்த்துத்தான் என்பதால் அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். 145 மெகாஹேர்ட்ஸில் 50 மீற்றர் கேபிளின் கீழ்முனையில் 50 வாட் கொடுத்தால் மேலே போய்ச் சேருவது ஏறத்தாழ இவ்வளவு: மெல்லிய பின்னல் கேபிளான ஆர்.ஜி-58இல் 6 வாட், அதைவிடத் தடித்த பின்னல் கேபிளான ஆர்.ஜி-213இல் 19 வாட், எல்.எம்.ஆர்-400 வகையில் 28 வாட், அரை அங்குலச் செம்பு ஹெலியாக்ஸில் (பின்னலுக்குப் பதில் நெளிந்த செம்புக் குழாய் உள்ள கேபிள்) 36 வாட், ஏழெட்டு எனப்படும் 7/8 அங்குல ஹெலியாக்ஸில் 42 வாட். இதைப் பார்ப்பவர், 28க்கும் 36க்கும் நடுவில் இருப்பது ஒரு டெசிபெல் சொச்சம்தானே, அதற்கா இவ்வளவு காசு என்று கேட்பார். இழப்பை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரியானதே. இரைச்சலைச் சேர்த்துப் பாருங்கள். வாங்கியின் இரைச்சல் மட்டம் 10 டெசிபெல் உயர்ந்தால் கொக்கட்டிச்சோலையிலிருந்து 5 வாட் கைக்கருவியில் ஒருவர் பேசியது போலவே கேட்க வேண்டுமானால், இனி அவருக்கு 50 வாட் வேண்டும். கையில் பிடிக்கும் கருவியில் அது நடக்காது. நிவாரண வேலையில் இருப்பவர்களிடம் உள்ளவை கைக்கருவிகளே. அட்டவணையில் இழப்புக்கு ஒரு நிரல் உண்டு, இரைச்சலுக்கு நிரல் இல்லை.

ஆர்.ஜி-213இல் தாள் கிடையாது, செம்புப் பின்னல் மட்டும். அதனால் அலுமினியத் தொல்லை இல்லை. ஆனாலும் அது ஒற்றைப் பின்னல். கறுத்துப்போன செம்பு இழைகள் ஒன்றன் மேல் ஒன்று உரசும்போது அதுவும் காலப்போக்கில் இரையும். இழைகளின் இடைவெளிகளால் கசிவும் உண்டு. 50 மீற்றருக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

ஆக, கேபிளின் வெளிக்கடத்தி முழுதும் ஒரே துண்டுச் செம்பாக இருக்க வேண்டும். சுருள் வரிவரியாக நெளிந்த செம்புக் குழாயை வெளிக்கடத்தியாகக் கொண்ட, ஹெலியாக்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் கேபிள்தான் அது. உரசுவதற்கு இரண்டாவது உலோகமே இல்லை. கசிவும் இல்லை என்றே சொல்லலாம். 2 மீற்றர் பட்டையில் 50 மீற்றர் வரை அரை அங்குலம் போதும். 70 சென்ரிமீற்றர் பட்டை றிப்பீற்றர் என்றாலோ கோபுரம் இன்னும் உயரம் என்றாலோ 7/8க்குப் போகலாம். கரையோரம் முழுதும் தட்டையான நிலம், குடும்பிமலை போன்ற குன்றுகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் உயரம் வேண்டுமானால் கோபுரம்தான் வழி, எனவே கேபிள் நீளத்தைக் குறைப்பது இங்கே எளிதல்ல. அரை அங்குலம் மீற்றருக்கு ஏறத்தாழ 220 கிராம், 50 மீற்றருக்கு 11 கிலோ. 7/8 அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்தப் பாரத்தை மேல் கனெக்டரில் தொங்கவிடக் கூடாது. கம்பி வலைப் பிடியில் தூக்கி, அதே பிடியில் கட்டி, மீற்றருக்கு ஒரு கிளாம்ப் வீதம் கீழே வரைக்கும் பிடிக்க வேண்டும். பிளாஸ்ரிக் கட்டுகள் எங்கள் வெயிலில் உக்கிக் கொட்டிவிடும். வளைவின் ஆரை அரை அங்குலத்துக்கு 125 மில்லிமீற்றருக்கும் 7/8க்கு 250 மில்லிமீற்றருக்கும் குறையக் கூடாது. ஒருதரம் மடிந்த ஹெலியாக்ஸை நிமிர்த்தினாலும் உள்ளே மடிந்தது மடிந்ததுதான்.

புதிதாக வாங்க முடியாதவர்களுக்குத் தொலைபேசிக் கோபுரங்களில் இருந்து கழற்றிய கேபிள் பழைய இரும்புக் கடைகளில் கிடைப்பதுண்டு. தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முதலில் இரு முனைகளிலும் ஒரு சாண் வெட்டி எறியுங்கள். வெட்டிய முகத்தில் செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ நுரை பழுப்பேறியிருந்தாலோ தண்ணீர் போயிருக்கிறது. இன்னும் ஒரு மீற்றர் வெட்டிப் பாருங்கள், அங்கேயும் பச்சை என்றால் விட்டுவிடுங்கள். அரை அங்குலக் கேபிளின் உட்கம்பியை வெட்டினால் நடுவில் வெள்ளையாகத் தெரியும். ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திச் செய்வதே அதன் வழமை. 145 மெகாஹேர்ட்ஸ் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தரை மைக்ரோமீற்றர் ஆழத்திலேயே ஓடிவிடும், நடுவில் இருப்பது எதுவானாலும் அதற்குத் தெரியாது. செம்பும் அலுமினியமும் அங்கே ஆலையிலேயே ஒட்டியவை, உரசுவதில்லை. வெளிக்குழாயே அலுமினியமாக உள்ள கேபிள்களும் அதே கடைகளில் கிடக்கும். அவற்றுக்குச் செம்புக் கேபிளின் கனெக்டரைப் போட்டால் உப்புக் காற்றில் இணைப்பு அரித்துவிடும். தொலைக்காட்சிக் கேபிள் வேறு கதை: 75 ஓம், தாளும் அலுமினியப் பின்னலும் சேர்ந்தது. அது எவ்வளவு மலிவானாலும் இங்கே வேண்டாம்.

இப்போது பலரிடம் இருக்கும், கேபிளையும் அன்ரனாவையும் அளக்கும் சிறிய நனோ வி.என்.ஏ. கருவியால் பழைய கேபிளைக் கடையிலேயே சோதிக்கலாம். மறுமுனையைத் திறந்து விட்டு, 145 மெகாஹேர்ட்ஸில் திரும்பிவரும் இழப்பைப் பாருங்கள். அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. 50 மீற்றர் அரை அங்குலத்துக்கு 2.7 டெசிபெல் அளவு காட்ட வேண்டும். 5, 6 என்று காட்டினால் கேபிளுக்குள் தண்ணீர். பழுதின் தூரத்தைப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துவோர் வேகக் காரணியை (கேபிளுக்குள் அலை ஓடும் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதை) 0.88 என்று கொடுக்க வேண்டும். ஆர்.ஜி-213க்கு வைத்த 0.66 அப்படியே இருந்தால் 50 மீற்றரில் உள்ள குறை 37.5 மீற்றரில் இருப்பதாகக் காட்டும், ஏறுபவர் அன்ரனா அடியில் இருக்கும் குறையை 12 மீற்றர் கீழே நின்று தேடுவார்.

கனெக்டர் மாட்டுவதில் கேபிள் வாங்கியதை விடக் கூடிய கவனம் வேண்டும். கேபிள் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு நுண்ணிய பல்லுள்ள வாளால் நேராக அறுங்கள், அறுதூள் வெளியே விழட்டும். மேல்நோக்கிப் பிடித்து அறுத்தால் தூள் நுரையின் மேல் தங்கும், அது உட்கடத்திக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் பொறி விடும். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நுரையின் முகத்தைத் துடையுங்கள். செம்புக் குழாயின் உள்விளிம்பில் கத்தியை ஓட்டிப் பிசிறு எடுங்கள். விரலால் தடவினால் எதுவும் குத்தக் கூடாது. குழாயின் உதட்டைச் சுற்றிவரச் சமமாக வெளியே விரித்து, கனெக்டரின் உடலை ஒரு ஸ்பனரால் அசையாமல் பிடித்து, பின்நட்டை மட்டும் மற்ற ஸ்பனரால் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் உதடு அறுந்து தூளாகும், வெளியே பார்க்க எல்லாம் நேர்த்தியாகவே இருக்கும். கடைசியில் நடு ஊசியின் உயரத்தைப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் தொடுகை விட்டுவிட்டு வரும், உயர்ந்திருந்தால் எதிர்முனையின் விரல்களை விரித்துக் கெடுக்கும்.

‘என்’ (N) வகை அல்லது 7/16 டி.ஐ.என். (DIN) வகைக் கனெக்டர் மட்டுமே வையுங்கள். சாதாரண ரேடியோக்களில் வழமையான பி.எல்-259 கனெக்டர் றிப்பீற்றர் பக்கமே வரக் கூடாது. நிக்கல் பூச்சு மினுமினுப்பாக இருக்கும், ஆனால் நிக்கல் காந்தத் தன்மை உள்ள உலோகம், கூடிய மின்னோட்டத்தில் அதுவே கலப்பலைகளை (அலைகள் கலந்து பிறக்கும் வேண்டாத அலைகளை) உண்டாக்கும். வெள்ளிப் பூச்சு அல்லது வெண்வெண்கலப் பூச்சுக் கேளுங்கள். அடப்ரர் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு அடப்ரரும் இன்னும் இரண்டு தொடுகை.

அடுத்து, 50 மீற்றர் ஹெலியாக்ஸ் இழுத்துவிட்டு இரு முனையிலும் கையில் கிடைத்த துண்டைப் போடும் பழக்கம். மேலே அன்ரனாவுக்குப் போகும் ஒன்றரை மீற்றர் துண்டு எல்.எம்.ஆர்-400 போன்ற தாள் கேபிளாக இருந்தால் போதும், கீழே இழுத்த ஹெலியாக்ஸ் வீண். காற்றில் அதிகம் ஆடுவது அந்தத் துண்டுதான். அங்கே சூப்பர்ஃப்ளெக்ஸ் எனப்படும் மெல்லிய நெளிசெம்புக் கேபிள் அல்லது ஆர்.ஜி-214 போடுங்கள். கீழே டியூப்ளெக்சரிலிருந்து கருவிக்கு ஆர்.ஜி-214, ஆர்.ஜி-223, ஆர்.ஜி-142, ஆர்.ஜி-400 இவற்றில் ஒன்று. நான்கும் வெள்ளிப் பூச்சுச் செம்பு இரட்டைப் பின்னல் கொண்டவை. அந்த இடத்தில் ஆர்.ஜி-58 போட்டால் ஒலிபரப்பித் துண்டிலிருந்து கசிவது பக்கத்தில் ஓடும் வாங்கித் துண்டுக்குள் புகும், டியூப்ளெக்சரைச் சுற்றிக்கொண்டு. இரு துண்டுகளையும் அழகுக்காகச் சேர்த்துக் கட்டவும் கூடாது. தள்ளி ஓடட்டும், குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் சிலுவையாகக் குறுக்கிடட்டும். டியூப்ளெக்சரின் குழாய்களை இணைக்கும் சிறு கேபிள்களின் நீளம் கணக்கிட்டு வெட்டியது. நீளம் கூடிப்போச்சு என்று யாரும் வெட்டிவிடாதீர்கள்.

டியூப்ளெக்சர் இல்லாமல் இரண்டு அன்ரனாக்களை மேலும் கீழுமாக வைப்பவர்களும் உண்டு. 2 மீற்றரில் 10 மீற்றர் செங்குத்து இடைவெளிக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 55 டெசிபெல் பிரிவு கிடைக்கும். தனியே அது போதாது, வடிகட்டிகளும் வேண்டும். அங்கேயும் இரண்டு பின்னல் கேபிள்களைக் கோபுரத்தின் ஒரே காலில் சேர்த்துக் கட்டி இறக்கினால் மேலே கிடைத்த பிரிவு கீழே போய்விடும்.

இனித் தண்ணீர். எங்கள் கரையில் கேபிளின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். கனெக்டரில் முதலில் ஒரு சுற்று இன்சுலேஷன் ரேப், பிறகு கழற்ற வேண்டிவந்தால் கத்தியால் கீறி உரிக்க அது உதவும். அதன் மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப் அல்லது பியூட்டைல் பிசின், கனெக்டரின் இரு பக்கமும் நாலு விரல் தாண்டி. அதற்கு மேல் வெயில் தாங்கும் கறுப்பு ரேப் இரண்டு மூன்று அடுக்கு. கடைசி அடுக்கைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள், அப்போதுதான் ஓட்டுக்கூரை போல மேல்விளிம்பு கீழ்விளிம்பை மூடித் தண்ணீர் வழிந்து போகும். முடிவில் ரேப்பை இழுத்து அறுக்காமல் கத்தியால் வெட்டுங்கள், இழுத்து அறுத்த நுனி சுருங்கிப் பிரிந்து காற்றில் வாலாட்டும். வினாகிரி மணம் வரும் சிலிக்கன் பசையைக் கனெக்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிள் ஒருமுறை தாழ்ந்து மேலேறி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் கேபிள் வழியே வந்து டியூப்ளெக்சர் மேல் சொட்டும்.

புவித்தொடுப்பு மூன்று இடத்தில்: மேலே அன்ரனா அடியில், கீழே கேபிள் கோபுரத்தை விட்டுத் திரும்பும் இடத்தில், கட்டட வாசலில். கேபிளின் மேல்தோலைப் புவித்தொடுப்புக் கிட்டின் செம்புப் பட்டை அகலத்துக்கு மட்டும் உரித்து, கிட்டைப் போட்டு, கனெக்டரைப் போலவே மூடிவிட வேண்டும். செம்புப் பட்டையை நாகப்பூச்சுக் கோபுரத்தில் நேரே முடுக்கினால் நாகம் கரைந்து துருப்பிடிக்கும், நடுவில் ஈயப்பூச்சுள்ள அல்லது துருப்பிடிக்கா உருக்குத் தகடு வையுங்கள். வாசலில் வைக்கும் மின்னல் காப்பும் கேபிளின் ஒரு பகுதிதான். மலிவான நிக்கல் பூச்சுக் காப்பு ஒன்று மேலே சொன்ன எல்லாக் கவனத்தையும் வீணாக்கும். மின்னலுக்குப் பிறகு திடீரென இரைச்சல் தொடங்கினால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

சோதனையைக் கீழிருந்து மேலே ஒரு படி ஒரு படியாகச் செய்ய வேண்டும். டியூப்ளெக்சரின் அன்ரனா வாயில் நல்ல டம்மி லோட் (அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சும் தடை) ஒன்றைப் போட்டு, திசைக் கப்ளர் (பாதையில் சிறு சிக்னலைச் சேர்க்கும் இணைப்பி) வழியாக ஒரு மெல்லிய சிக்னலைச் செலுத்தி, ஒலிபரப்பியை நிறுத்திவைத்து, பேச்சு இரைச்சலோடு விளங்கும் அளவுக்கு அதைக் குறையுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்பியை ஓடவிட்டு, அதே தரத்துக்கு வர எத்தனை டெசிபெல் கூட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் கோளாறு கீழே, டியூப்ளெக்சர் அல்லது சிறு துண்டுகள். கீழே சுத்தம் என்றால் டம்மி லோட்டைக் கேபிளின் மேல்முனைக்குக் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். இப்போது கூடினால் கேபிளும் அதன் கனெக்டர்களும் மின்னல் காப்பும். அதுவும் சுத்தமாக இருந்து அன்ரனாவைப் பூட்டியதும் கூடினால் அன்ரனா, அல்லது அதன் அருகே கோபுரத்தில் உள்ள துருப்பிடித்த போல்ட், தளர்ந்த இழுகம்பி, ஆடும் சங்கிலி. உள்ளே பல சோல்டர் இணைப்புகள் கொண்ட நீள நாரிழை அன்ரனாக்கள் காற்றில் ஆடி ஆடி இரையத் தொடங்குவதுண்டு. மடிப்பு டைபோல்கள் பார்க்க அழகில்லை, ஆனால் அமைதியானவை.

கருவி ஒன்றும் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். தூரத்தில் ஒருவர் கைக்கருவியைக் குறைந்த வாட்டில் வைத்து, கரகரப்போடு கேட்கும் ஓர் இடத்தில் நிற்கட்டும். றிப்பீற்றர் அறையில் வாங்கியின் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே ஒலிபரப்பியை நிறுத்தியும் ஓட்டியும் பாருங்கள். ஓடும்போது கரகரப்புக் கூடினால் சந்தேகமில்லை. இன்னொருவர் ஸ்குரூட்றைவரின் பிளாஸ்ரிக் பிடியால் ஒவ்வொரு கனெக்டராகத் தட்டட்டும், கேபிளை மெல்ல ஆட்டட்டும். எந்த இடத்தைத் தொட ‘சடசட’ என்கிறதோ அந்த இடம்தான். பிறகு 50 வாட்டை 10 ஆக்குங்கள். அப்படியே அமைதியானால் உரசும் உலோகத் தொடுகை எங்கோ இருக்கிறது. கொஞ்சம் மட்டும் குறைந்தால் டியூப்ளெக்சரைப் பாருங்கள். அன்ரனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் இதில் எதையும் காட்டாது. இரைகிற கேபிளிலும் 1.1 என்றே நிற்கும், அதைக் காட்டி ‘எல்லாம் சரி’ என்பவரை நம்ப வேண்டாம்.

காசு போதாவிட்டால் எதைக் குறைப்பது? எங்கள் கருத்தில் வாட்டைக் குறையுங்கள். கைக்கருவி பேசுவது 5 வாட்டில், றிப்பீற்றர் 50இல் பேசித் தூரத்துக்குக் கேட்பதால் அந்தக் கைக்கருவி திரும்பக் கேட்கப்படாது. 25 வாட் றிப்பீற்றரும் அரை அங்குலச் செம்பும், 50 வாட் றிப்பீற்றரும் தாள் கேபிளும் என்று இரண்டு மதிப்பீடு வந்தால் முதலாவதை எடுங்கள். பற்றரியும் கூட நேரம் நிற்கும், மின்சாரமில்லாத நாட்களுக்குத்தானே இதையெல்லாம் செய்கிறோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் எதையும் ஓட்டக் கூடாது என்பதையும், அலைவரிசை பற்றி இலங்கை வானொலிச் சங்கத்துடன் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதையும் அன்பளிப்புச் செய்ய முன்வரும் அமைப்புகள் தெரிந்திருப்பது நல்லது.

தாள் கேபிளை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. களுவாஞ்சிக்குடியிலோ சம்மாந்துறையிலோ திருக்கோவிலிலோ அதே றிப்பீற்றருக்குப் பேசப்போகும் நிலைய ரேடியோக்களின் கூரை அன்ரனாக்களுக்கு அதை வெட்டிக் கொடுங்கள். 15 மீற்றருக்கு முக்கால் டெசிபெல் இழப்பு, பேசுவதும் கேட்பதும் மாறி மாறி. அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
வானொலித் தொடர்பாடல் ஆர்வலர்கள் சிலர்,
மட்டக்களப்பு, கல்முனை.